பாறைமேல் ஒரு முழ மண்

டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். திண்ணை வேண்டாம். கட்டுத்தரைக்குப் பின்னால் பாறை ஒன்று தலைகாட்டுகிறதே, அதில் உட்காரலாம். எட்டு மணி வரைக்கும் சுடாது.

எங்கள் தோட்டத்துச் சாளையில் ஒன்றிரண்டு நாள் தங்க வருகிறவர்கள் பெரும்பாலும் திருப்பூருக்கு வேலையாக வந்தவர்கள். முதலிபாளையம் சிட்கோவில் கம்பெனி பார்க்க வருவார்கள், நிஃப்ட்-டீ கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க வருவார்கள். பகலெல்லாம் தையல் மிஷின் சத்தத்தில் இருந்துவிட்டு ராத்திரிக்கு இங்கே வந்து படுப்பார்கள். விடிந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அநேகமாக எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏங்க, இந்தக் காட்டுல ஒண்ணும் வெக்கலீங்களா? சும்மாவே கெடக்குதே?"

புல்தரையும் செம்பருத்தி வரிசையும் எதிர்பார்த்து வந்த கண்ணுக்கு இது சும்மா கிடக்கிற காடுதான். அங்கங்கே முள் மரம், காய்ந்த புல், ஓரத்தில் இலையில்லாத வேலி. ஆனால் இங்கே எதுவும் சும்மா இல்லை. ஏன் இந்த மரம், ஏன் இந்தப் புல், ஏன் இவ்வளவு பெரிய கிணறு என்று கேட்டுக்கொண்டே போனால், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தப் பாறையில்தான் வந்து நிற்கவேண்டியிருக்கும். அதனால் பாறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குனிந்து பாருங்கள். வெளுப்பும் கறுப்புமாகக் கோடு கோடாக ஓடுகிறதா? பனியன் துணியில் கோடு வரவேண்டுமென்றால் நிறம் மாற்றி நூல் கொடுக்க வேண்டும். இந்தப் பாறைக்கு யாரும் நூல் மாற்றிக் கொடுக்கவில்லை. பல கிலோமீட்டர் ஆழத்தில், தாங்கமுடியாத சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்தபோது, உள்ளே இருந்த தாதுக்கள் தாமாகவே இனம் பிரிந்து அடுக்கடுக்காகப் படிந்துகொண்டன. வெளுத்த கோட்டில் இருப்பது ஃபெல்ஸ்பாரும், வெங்கச்சங்கல் என்கிற குவார்ட்ஸும். கறுத்த கோட்டில் ஹார்ன்பிளெண்டும் கறுப்புக் காக்காப்பொன்னும். வெயில் சாய்வாக விழும்போது மினுக்கென்று ஒன்று கண்ணைப் பறிக்கும், அதுதான் காக்காப்பொன். இப்படி வெந்து கோடு விழுந்த பாறைக்கு நைஸ் என்று பெயர். கொங்கு நாட்டின் அடித்தளம் பெரும்பாலும் இதுவும் இதன் உறவுப் பாறைகளும்தான்.

வயதைச் சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். தமிழ்நாட்டின் உள்பகுதியில் இருக்கும் இந்தப் பாறைத் தொகுதியில் பழையவற்றுக்கு வயது 250 கோடி ஆண்டு. பிறகு 50, 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இன்னொரு முறை சூடேறி மடங்கி முறுகியது. இமயமலை எழ ஆரம்பித்ததே ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். போன மாதம் வந்த ஒரு பையன் இந்தக் கல்லில் டைனோசர் எலும்பு கிடைக்குமா என்று கேட்டான். நல்ல கேள்வி. கிடைக்காது கண்ணு, இந்தப் பாறை உருவான காலத்தில் எலும்புள்ள உயிர் எதுவுமே உலகத்தில் இல்லை, இருந்திருந்தாலும் இந்தச் சூட்டில் மிஞ்சியிருக்காது என்றேன். கடல் சிப்பி பதிந்த கல் பார்க்க ஆசையென்றால் அரியலூர் பக்கம் போகவேண்டும். அங்கே கடல் ஏறி வந்து படிய வைத்த மண் இருக்கிறது. இங்கே நாம் உட்கார்ந்திருப்பது பூமியின் அடுப்படியில். மேலே இருந்த பல கிலோமீட்டர் பாறையை மழையும் காற்றும் கரைத்துக்கொண்டு போனபிறகு அந்த அடுப்படி வெளியே தெரிகிறது.

காங்கயம் சாலையில் கிழக்கே போனால் படியூர் வரும். அதையும் தாண்டினால் சிவன்மலை. அங்கிருக்கும் முருகன் கோயிலைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பக்தர் கனவில் ஆண்டவன் சொன்ன பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள் என்பது இங்கே டீக்கடைப் பேச்சு. ஆனால் அந்த மலையை உலகத்துப் புவியியல்காரர்களுக்கும் தெரியும் என்பது நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. 1901-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் டி.எச். ஹாலண்ட் இந்த மலையைப் பற்றித் தனி ஆய்வேடே எழுதினார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல்லையும் பல்லாவரம் பக்கத்துப் பாறையையும் வைத்து ஒரு பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தாரே, அதே ஹாலண்ட்.

சிவன்மலையில் அப்படி என்ன? வெங்கச்சங்கல் இல்லாத பாறை அங்கே இருக்கிறது. நெஃபலின் சயனைட் என்பார்கள். இதைப் புரியவைக்க நான் கொழுக்கட்டையைத்தான் சொல்வேன். சிலிக்காவை மாவு என்று வையுங்கள், அலுமினாவைப் பூரணம் என்று வையுங்கள். மாவு தாராளமாக இருந்தால் பூரணம் முழுவதும் உள்ளே போய்விடும், அதாவது ஃபெல்ஸ்பார் ஆகிவிடும். மீந்த மாவு வெங்கச்சங்கல்லாக நிற்கும். ஊரெல்லாம் இருக்கும் பாறை இப்படிப்பட்டது. சிவன்மலையில் மாவு குறைந்துபோனது. முதலில் நெஃபலின் என்ற மாவு குறைந்த தாது உண்டானது. சில இடங்களில் அலுமினா மீந்துபோய், தானாகவே இறுகிக் கல்லாயிற்று. அந்தக் கல்தான் குருந்தம்.

வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்குத்தான். சாணை பிடிக்க அதைப் பொடித்துப் பயன்படுத்துவார்கள். துளி குரோமியம் கலந்தால் அதுவே மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். இங்கிலீஷ்காரர்கள் அதைக் கொரண்டம் என்று கூப்பிடுவது நம் குருந்தத்திலிருந்து எடுத்ததுதான். இந்த ஒரு சொல்லை மட்டும் விருந்தாளிகளிடம் சொல்லாமல் நான் விடுவதில்லை. நம் மண்ணிலிருந்து ஒரு பெயர் உலகத்துப் பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் ஏறியிருக்கிறது, அதை நம் பிள்ளைகளே அறியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

படியூரில் கிடைத்தது வேறு கல். பாறை விரிசல்களில் கடைசியாக ஊடுருவி மெல்ல ஆறிய குழம்பில் பெரிய பெரிய படிகங்கள் வளரும். அப்படி வளர்ந்தவற்றில் கடல்நீர் நிறத்தில் ஒரு கல் உண்டு, அக்வாமரின். மரகதமும் அதுவும் பெரில் என்ற ஒரே தாதுவின் இரண்டு நிறங்கள். இங்கிருந்து நொய்யல் ஆற்று ஓரமாகக் கிழக்கே போனால் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது கல் மணி செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய தடங்களும் வெளிப்பட்டன. பெரில், நீலம், வெங்கச்சம் எல்லாம் அங்கே மணியாகியிருக்கின்றன. கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போன பெருவழியில் இருந்த ஊர் அது. கடல் தாண்டிப் போகும் சரக்கைச் செய்துகொடுப்பது நொய்யல் கரைக்குப் பனியனோடு வந்த பழக்கம் இல்லை.

கல் கதை போதும். டீ ஆறிவிடும், குடியுங்கள். மண்ணுக்கு வருவோம்.

அந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டிய இடத்தில் குறுக்குவெட்டாகத் தெரிகிறது பாருங்கள். மேலே ஒரு முழம் செம்மண். சரளை கலந்தது, கையில் எடுத்தால் நறநறவென்று இருக்கும். அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாக முண்டு முண்டாகத் தெரிவது சுக்கான்கல். அதற்கும் கீழே முரம்பு, பாதி உதிர்ந்த பாறை. பிறகு பாறையேதான்.

அந்த வெள்ளைக்கல்லை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. இங்கே ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும், மழை வராது. அதை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டுத்தான் அந்தக் காற்று வருகிறது. பெய்த மழை பாறைத் தாதுக்களிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கொஞ்சம் கீழே இறங்கும். நன்றாக மழை பெய்யும் நாட்டில் அது அப்படியே ஆற்றுக்குப் போய்விடும். இங்கே பாதி வழியிலேயே ஈரம் காய்ந்துவிடுகிறது, சுண்ணாம்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. பல ஆயிரம் ஆண்டு இப்படி நின்று நின்று சேர்ந்ததுதான் சுக்கான்கல். மழை எவ்வளவு ஆழம் வரை இறங்குகிறது என்பதற்கு மண்ணே கிழித்து வைத்த கோடு என்று எனக்குத் தோன்றும்.

கிணற்றைப் பார்த்தீர்களா? அவ்வளவு அகலம் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். மணல் நாட்டில் சிறிய கிணறு போதும், எடுக்க எடுக்கச் சுற்றிலுமிருந்து ஊறும். நைஸ் பாறைக்குத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ள நுண்துளை கிடையாது. முரம்பிலும் பாறை விரிசலிலும் நிற்பதுதான் தண்ணீர். அது சொட்டுச் சொட்டாகத்தான் கசியும். அதனால் கிணற்றையே தொட்டியாக வெட்டி வைத்தார்கள். ராத்திரி முழுக்க ஊறும், காலையில் இறைப்பார்கள். எங்கள் அப்பாரு காலத்தில் காளை பூட்டிக் கவலை ஓட்டினார்கள். ஊறுகிற வேகமும் காளை இழுக்கிற வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. பம்புசெட்டு வந்தது, பிறகு போர் வந்தது, இன்றைக்கு ஆயிரம் அடி தாண்டியும் துளைக்கிறார்கள். அவ்வளவு ஆழத்தில் தண்ணீர்ப் பாறை என்று ஒன்று இல்லை, எங்காவது ஒரு விரிசல் குறுக்கிட்டால் உண்டு, இல்லாவிட்டால் வெறும் புகைதான். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் வந்து நம் தோட்டத்தில் வராததற்குக் காரணம் தலைவிதி இல்லை, விரிசல் ஓடும் திசை.

இதைத் தெரிந்துகொண்டால் நொய்யலுக்கு நடந்ததும் புரியும். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவின் உப்பு ஆற்றிலும், 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையிலும் தேங்கியபோது அது விரிசல்களுக்குள் இறங்கியது. விரிசலில் போன உப்பை வடிகட்ட இந்தப் பாறையில் ஏதும் இல்லை. பல மழைக்காலம் வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவினால்தான் உண்டு. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. அந்த வழக்கை நடத்தியவர்கள் கீழ்நொய்யல் உழவர்கள். தங்கள் கிணற்றுப் பாறை எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, ஒரு முழ மண், அதில் சுண்ணாம்பு, வருஷத்தில் எட்டு மாதம் காய்ச்சல், கீழே குடிக்கக் கொடுக்காத பாறை. இதில் என்ன வளரும்? இங்கே வாருங்கள், வேலியைக் காட்டுகிறேன்.

இது கிளுவை. இப்போது இலையே இல்லாமல் செத்த குச்சிபோல் நிற்கிறது. நகத்தால் லேசாகத் தோலை உரித்துப் பாருங்கள், உள்ளே எவ்வளவு பச்சை! மழை முடிந்ததும் இலையை உதிர்த்துவிடும். இலை இருந்தால் அதன் வழியாக ஈரம் போய்விடும். ஆனாலும் பட்டைக்குள் இருக்கும் பச்சையை வைத்து உயிரைப் பிடித்துக்கொள்ளும். முகர்ந்து பாருங்கள், சாம்பிராணி வாசம் அடிக்கும். வெள்ளைப்போளம் கிடைக்கிற மரமும் குக்கில் கிடைக்கிற மரமும் இதன் அண்ணன் தம்பிகள். விதை வேண்டியதில்லை, போத்து வெட்டி நட்டாலே வேர்விடும். பத்து வருஷத்தில் மாடு நுழையமுடியாத முள்வேலி. கல்லுக்கால், கம்பி, பெயிண்ட் ஒன்றும் வேண்டாம்.

வேலிக்கு உள்ளே இருக்கிற காட்டுக்குக் கொறங்காடு என்று பெயர். காங்கயம் வட்டாரத்துக்கே உரிய ஏற்பாடு இது. ஒரு சில ஏக்கருக்கு ஒரு கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல் மரம். மாட்டையும் செம்மறியையும் உள்ளே விட்டுக் கடவை அடைத்துவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். ஒரு காடு மேய்ந்து தீர்ந்தால் அடுத்ததற்கு மாற்றுவார்கள், முந்தினது தழைத்துக்கொள்ளும். சில வருஷத்துக்கு ஒருமுறை மழை கண்டு உழுது சோளமோ கொள்ளோ விதைப்பதும் உண்டு. பிறகு மறுபடியும் புல்லுக்கு விட்டுவிடுவார்கள்.

வெள்வேலை நிமிர்ந்து பாருங்கள். பட்டை வெளுத்திருப்பதால் அந்தப் பெயர். இலை எவ்வளவு பொடிசு! நிழல் சல்லடை போட்டதுபோல் விழுகிறது. அதனால்தான் மரத்தடியிலும் புல் சாகாது. அதன் வேர் முரம்பைத் துளைத்துப் பாறை விரிசலுக்குள் போய்விடும், மேல் மண்ணின் ஈரத்தைப் புல்லுக்கு விட்டுவிடும். கோடையில் புல் தீர்ந்த நேரத்தில் நெற்று உதிரும், ஆடு பொறுக்கித் தின்னும். புல் மேல்மண்ணில், மரம் விரிசலில், மாடு இரண்டுக்கும் நடுவில். இதை யாரும் வரைபடம் போட்டுச் செய்யவில்லை, ஆனால் இதைவிட நன்றாக யாராலும் போட்டிருக்கவும் முடியாது. காங்கயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் அந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்துப் பெயர் வாங்கிக் கொடுத்தார் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். அந்தப் பெயரில் கொழுக்கட்டைப் புல்லுக்கும் பங்கு கொடுக்கவேண்டும்.

அந்தப் புல்லைப் பற்றி இன்னொன்று. மேய்ச்சலுக்கு நல்லது என்று அதைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். அரிசோனாப் பாலைவனத்தில் இன்று அது பெருந்தொல்லை. காய்ந்ததும் தீப்பிடித்து, தீயையே பார்த்திராத உயரமான சாகுவாரோ கள்ளிகளைக் கருக்குகிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்த சீமைக்கருவேலம் நம் குளத்தையும் பள்ளத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு செடியின் மேலும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனதன் ஊரில் அதைத் தின்னவும் அடக்கவும் ஆள் இருந்தது.

இப்போது இட்டேரிக்குள் இறங்குவோம். காலைப் பார்த்து வையுங்கள், நெருஞ்சி இருக்கும். இரண்டு காட்டு வேலிக்கும் நடுவில் வண்டி போக விட்ட பாதைதான் இட்டேரி. கொங்கு நாட்டில் இயற்கையாக முளைத்த செடிகொடிகள் எல்லாம் ஒதுங்கிப் பிழைத்த இடம் இதுதான், ஏனென்றால் இங்கே உழவு கிடையாது. கிளுவை ஊன்றுகோல். இடைவெளியைச் சூரிமுள்ளும் சங்கஞ்செடியும் அடைக்கும். மேலே கோவையும் பிரண்டையும் வேலிப்பருத்தியும் ஏறிப் பின்னிவிடும். நடுவே சதுரக்கள்ளி. ஓரத்தில் ஆவாரையும் பூளையும். பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்ட இந்த இரண்டு பூவும் வேப்பிலையும் வேண்டுமே, சின்ன வயதில் நாங்கள் ஒரு ஃபர்லாங் நடந்தால் ஊருக்கே போதுமான பூ கிடைக்கும். இப்போது திருப்பூர்ச் சந்தையில் கட்டு வைத்து விற்கிறார்கள். அந்த வளைவில் நிற்பது ஊஞ்ச மரம். அதன் இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. நேற்று எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது உங்கள் தலைக்குப் போட்டது அந்த மரத்து இலைதான்.

இட்டேரிகள் பல தார்ச்சாலை ஆகிவிட்டன. அகலப்படுத்தும்போது முதலில் போவது வேலி. சைட்டுப் போட்டு விற்கிறவர்களுக்கும் வேலி தடை. இதை நான் ஊரைக் குறைசொல்லும் வாயால் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலேயே நடந்தது.

விருந்தாளிகளைத் தங்கவைக்கலாம் என்று ஆரம்பித்தபோது தோட்டத்தை அழகுபடுத்தித் தரும் நிறுவனம் ஒன்றைக் கூப்பிட்டோம். ரோட்டுப் பக்கத்து வேலி பார்க்க நன்றாக இல்லை, எடுத்துவிடலாம் என்றார்கள். நான் சரி என்றேன். ஜேசிபி ஒரு காலையில் இருநூறு அடியை வாரிப்போட்டது. என் அப்பாருவின் அப்பா நட்ட வேலி. அங்கே கம்பிவலையும் கொரியப் புல்லும் வந்தன. புல்லுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினோம், விரிசலில் ஊறுவதைவிட அதிகமாக ஊற்றினோம். அந்தச் சித்திரையில் போர் காற்று வாங்கியது, புல் மூன்று வாரத்தில் கருகிற்று. ஆடிக்காற்று வந்தபோது தடுக்க ஒன்றும் இல்லாமல் மேல்மண் புழுதியாகப் பறந்து சாளைக்குள் படிந்தது. அப்படிப் பறந்த மண் ஒரு முழத்தில் பங்கு என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். வேலிக்குள் கூவிக்கொண்டிருந்த கௌதாரிகள் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டன.

மறு வருஷம் மழைக்கு முன் மீதியிருந்த வேலியிலிருந்து போத்து வெட்டினோம். கட்டைவிரலைவிடத் தடித்த கிளையாகப் பார்த்து, இடுப்புயரம் நறுக்கி, நிழலில் சில நாள் வைத்து, முரம்பு தட்டும்வரை குழி எடுத்து நெருக்கமாக நட்டோம். எங்கள் காட்டில் ரொம்ப நாள் வேலை பார்த்த அம்மா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தலகீழா நட்டுப்போடாதீங் சாமி, மொகம் பாத்து நடுங்" என்று ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். கிளையில் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பது கணுவைப் பார்த்தால் தெரியும். அதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நூற்றறுபது அடி பிடித்துக்கொண்டது. இதோ, இங்கிருந்து அந்த வேம்பு வரைக்கும். சூரி தானாகவே வந்துவிட்டது, குருவி போட்ட விதையாக இருக்கும். போன கார்த்திகையில் கோவைக்கொடியும் ஏறியிருக்கிறது. அந்தக் கோடியில் நாற்பதடிக்கு மட்டும் பாறை மேலாகவே வந்துவிடுவதால் குழி இறங்கவில்லை, இன்னும் கம்பிவலைதான் நிற்கிறது. அங்கே குளத்து மண் கொஞ்சம் அணைத்துப் பார்க்கலாம் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். புரட்டாசியில் போத்து வெட்டுவோம்.